உயர்த்திய அட்டையும் விரித்த உள்ளங்கையும்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி அமைந்த சிற்றூர் திருப்புட்குழி. புள்ளரசனாகிய சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் ஆற்றிய இடம் என்று தலபுராணம் கூறும். ஊர்ப் பெயரும் அதனையே சுட்டி நிற்கிறது. இவ்வூருக்கு வேறொரு சிறப்பும் உண்டு. இளமையில் இராமாநுசர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றது இங்கேதான் என்பது வைணவ மரபு. உபநிடத வாக்கியம் ஒன்றுக்கு ஆசிரியர் கூறிய பொருளை மாணவர் ஏற்கவில்லை. வேறு பொருள் கூறினார். இத்தகைய முரண்கள் பெருகவே, முடிவில் ஆசிரியர் மாணவரை விலகிப் போகச் சொன்னார் என்று குருபரம்பரை நூல்கள் பேசுகின்றன. கல்விக்கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட மாணவர்களுள் இவரைவிடப் புகழ்பெற்றவர் தமிழகத்தில் இருக்க முடியாது.

இந்த ஊரில் நின்றுகொண்டு கால்பந்தின் சிவப்பு அட்டையைப் பற்றி எழுதப் புகுவது வாசகர்க்கு வியப்பளிக்கலாம். காரணம் சிறியது. ஒரு கோடை விடுமுறையின் மாலைப் பொழுதில், நீர் வற்றிய ஏரியின் ஓரத்தில் சிறுவர்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்ததை நாம் காண நேர்ந்தது. நடுவராக நின்றவர் கல்லூரி மாணவர் வயதுடைய இளைஞர். முரட்டுத்தனமாகக் காலை இடறிய ஒரு சிறுவனை நோக்கி அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து உயர்த்தினார். பழைய திருமண அழைப்பிதழ் ஒன்றிலிருந்து வெட்டிய அட்டை அது. ஓரத்தில் பொன்னிறக் கோடு மிச்சமிருந்தது. சிறுவன் அசையவில்லை. "எதுக்குண்ணா?" என்று மட்டும் கேட்டான். இளைஞர் விடை கூறவில்லை. கையை எல்லைக்கோட்டுப் பக்கம் நீட்டினார். அவன் போய்க் கரையில் உட்கார்ந்தான். ஆட்டம் தொடர்ந்தது.

அந்த "எதுக்குண்ணா?" நம்மோடு வீடுவரை வந்தது. அதன் பின்னே சென்றபோது தெரியவந்தவற்றையே இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

இன்று அட்டையில்லாத கால்பந்தை நினைத்துப் பார்ப்பது கடினம். ஆனால் 1863ஆம் ஆண்டு இலண்டனில் எழுதப்பட்ட முதல் விதிகளில் அட்டை மட்டுமன்று, நடுவரே இல்லை. கனவான்கள் ஆடும் ஆட்டத்தில் பூசல் எழுந்தால் இரு தலைவர்களும் பேசித் தீர்த்துக்கொள்வர் என்பது எதிர்பார்ப்பு. பிறகு அணிக்கொருவராக நடுநிலையாளர் வந்தனர்; அவர்களும் உடன்படாதபோது முறையிட, எல்லைக்கு வெளியே ஒருவர் நின்றார். 1891ஆம் ஆண்டில்தான் அவர் களத்துக்குள் கொண்டுவரப்பட்டார். பெனால்டி உதை பிறந்ததும் அதே ஆண்டில் என்பது கருதத்தக்கது. கனவான்களின் மீதிருந்த நம்பிக்கை குறையக் குறைய நடுவரின் அதிகாரம் வளர்ந்தது எனலாம்.

வீரரை வெளியேற்றும் தண்டனை, ஆகவே, அட்டையைவிட மிகவும் மூத்தது. 1930இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக்கோப்பையிலேயே, உருமேனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் பெரு அணியின் வீரர் ஒருவர் வெளியேற்றப்பட்டார். 1954இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அங்கேரியும் பிரேசிலும் மோதியபோது ஆங்கிலேய நடுவர் ஆர்தர் எல்லிஸ் மூவரை வெளியேற்றினார். இவற்றிலெல்லாம் நடுவரிடம் இருந்த கருவிகள் ஊதலும், குரலும், நீட்டிய கையும், குறிப்பேடும் மட்டுமே. ஒரே மொழி பேசுவோர் ஆடிய காலத்தில் அவை போதுமானவையாக இருந்தன. ஆட்டம் கடல்களைக் கடந்தபோது குரல் பயனற்றுப் போயிற்று.

அது பயனற்றுப் போனதை மிக நெருங்கி நின்று கண்டவர் கென் ஆஸ்டன். தொழிலால் பள்ளி ஆசிரியர், ஓய்வுநேரத்தில் நடுவர். 1962 சூன் 2 அன்று சாந்தியாகோ நகரில் சிலிக்கும் இத்தாலிக்கும் நடந்த ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. தொடங்கிய சில நிமிடங்களிலேயே இத்தாலியின் ஜியார்ஜியோ பெர்ரினியை அவர் வெளியேற்றினார். பெர்ரினி போக மறுத்தார். காவலர்கள் உள்ளே வந்து அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. பின்னர் மற்றோர் இத்தாலியரும் வெளியேற்றப்பட்டார். சிலி வீரர் ஒருவர் விட்ட குத்துகளோ தண்டனையின்றிப் போயின. 'சாந்தியாகோப் போர்' என்ற பெயரே அந்த ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது.

நான்காண்டுகள் கழித்து, 1966 சூலை 23 அன்று, வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தும் அர்ச்சென்டினாவும் காலிறுதியில் ஆடின. நடுவர் செருமானியரான ருடால்ப் கிரைட்லைன். அர்ச்சென்டினத் தலைவர் அந்தோனியோ ரத்தின் ஓயாது முறையிட்டுக்கொண்டே இருந்தார். முதற்பாதியிலேயே நடுவர் அவரை வெளியேறச் சொன்னார். ரத்தினுக்குச் செருமானியம் தெரியாது. நடுவருக்கு ஸ்பானியம் தெரியாது. தலைவர் என்ற முறையில் பேசுவதற்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத்தான் கேட்டேன் என்பது ரத்தினின் கூற்று. வாய்த்துடுக்குக்காக வெளியேற்றினேன் என்றார் நடுவர். புரியாத மொழியில் பேசப்பட்ட துடுக்கு அது! பல நிமிடங்கள் ஆட்டம் நின்றது. அப்போது நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த கென் ஆஸ்டனே களத்தில் இறங்கி ரத்தினிடம் பேச வேண்டியிருந்தது. இறுதியில் ரத்தின் வெளியேறினார். போகும் வழியில் அரசிக்காக விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தின்மேல் உட்கார்ந்துகொண்டார். இங்கிலாந்து 1-0 என வென்றது.

அந்த ஆட்டத்தில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கிலாந்தின் சார்ல்டன் உடன்பிறந்தார் இருவரையும் நடுவர் எச்சரித்துக் குறிப்பேட்டில் எழுதியிருந்தார் என்று நாளிதழ்கள் எழுதின. களத்தில் அதனை யாரும் தெளிவாக அறியவில்லை. பயிற்சியாளர் ஆல்ப் ராம்சே உலகக் கால்பந்துக் கூட்டமைப்பிடமே விளக்கம் கேட்க வேண்டியதாயிற்று. தண்டனை பெற்றவர்க்கே தாம் தண்டிக்கப்பட்டது தெரியவில்லை.

இதே நினைவோடு ஆஸ்டன் வெம்பிளியிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தார். கென்சிங்டன் பெருந்தெருவில் சாலை விளக்கு அவரை நிறுத்தியது. மஞ்சள் என்றால் தயங்கு. சிவப்பு என்றால் நில். உலகின் எந்த மூலையிலிருந்து வந்தவருக்கும் இதனை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அட்டைகள் என்ற எண்ணம் அங்கே பிறந்தது என்பது அவரே கூறிய செய்தி.

1970இல் மெக்சிகோ உலகக்கோப்பையில் அட்டைகள் அறிமுகமாயின. மே 31 அன்று மெக்சிகோவும் சோவியத் ஒன்றியமும் ஆடிய தொடக்க ஆட்டத்திலேயே மஞ்சள் அட்டை வெளிவந்தது. வண்ணத் தொலைக்காட்சி அரிதாக இருந்த காலம் அது; ஆயினும் கறுப்பு வெள்ளைத் திரையில் ஓர் அட்டை வெளிறியும் மற்றொன்று கருத்தும் தெரிந்தமையால் வீட்டிலிருந்து பார்த்தவருக்கும் வேறுபாடு விளங்கிற்று. சுவையான செய்தி என்னவெனில், அந்தப் போட்டித்தொடர் முழுவதும் ஒரு சிவப்பு அட்டைகூடக் காட்டப்படவில்லை.

உலகக்கோப்பையின் முதல் சிவப்பு அட்டை 1974 சூன் 14 அன்று மேற்கு பெர்லினில் காட்டப்பட்டது. துருக்கிய நடுவர் தோகான் பாபசான். பெற்றவர் சிலி நாட்டின் கார்லோசு காசெலி. தம்மை விடாது மறித்து வந்த மேற்கு செருமானிய வீரர் பெர்ட்டி போக்ட்சை அவர் இடறினார். களத்து நிகழ்ச்சி அவ்வளவே. ஆனால் முந்தைய ஆண்டு செப்டம்பரில்தான் சிலியில் பினோசே இராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தார். காசெலி அவருடைய வெளிப்படையான எதிர்ப்பாளர். அடுத்த ஆட்டம் பொதுவுடைமை நாடான கிழக்கு செருமனியுடன் நடக்கவிருந்தது. அதனைத் தவிர்க்கவே காசெலி வேண்டுமென்றே அட்டை வாங்கினார் என்ற பேச்சு தாய்நாட்டில் எழுந்தது. காசெலியின் தாயார் ஆட்சியாளர்களின் காவலில் சித்திரவதைக்கு உள்ளானவர். 1988இல் பினோசேவின் ஆட்சி தொடரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, வேண்டாம் என்ற தரப்பின் தொலைக்காட்சிப் பரப்புரையில் அத்தாயார் தோன்றித் தம் கதையைக் கூறினார். அவரருகே மகனும் தோன்றினார்.

இங்கே அட்டையின் ஆற்றலும் எல்லையும் ஒருசேரத் தெரிகின்றன. 'வெளியேறு' என்பதை அது ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடும். 'ஏன்' என்பதைச் சொல்லாது. அந்த இடைவெளியை யார் வேண்டுமானாலும் தம் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளலாம்.

அட்டையைப் பிறப்பித்த நாட்டிலேயே இதுபற்றிய தயக்கம் இருந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போட்டிகளில் அட்டைகள் 1976 அக்டோபரில்தான் நுழைந்தன. 1981 சனவரியில் அவை திரும்பப் பெறப்பட்டன. நடுவர்கள் அவற்றை ஆரவாரமாக வீசிக் காட்டுகின்றனர் என்பது குறை. மீண்டும் 1987இல்தான் வந்தன. கூட்டத்துக்குத் தெரியவேண்டும் என்று செய்த கருவி, கூட்டத்தைக் கிளறிவிடுமோ என்ற அச்சம் அதில் இருந்திருக்க வேண்டும்.

அத்தகைய கிளர்ச்சி எதில் முடியும் என்பதை நம் நாடு ஒருமுறை கண்டிருக்கிறது. 1980 ஆகஸ்டு 16. கல்கத்தாவின் ஈடன் தோட்ட அரங்கில் மோகன் பகானும் கிழக்கு வங்காள அணியும் மோதின. இவ்விரு அணிகளின் பகைமை ஆட்டத்தோடு நிற்பதன்று. பிரிவினைக்குமுன் மேற்கே வாழ்ந்தவர், கிழக்கிலிருந்து வந்தவர் என்ற வேறுபாடும் அதில் கலந்திருந்தது. இரண்டாம் பாதியில் கிழக்கு வங்காளத்தின் திலீப் பாலித், மோகன் பகானின் விதேஷ் போசை முரட்டுத்தனமாக வீழ்த்தினார். போசு திருப்பித் தாக்கினார். நடுவர் சுதின் சட்டர்சி இருவரையும் வெளியேற்றினார். விதிப்படி அது குறை காண முடியாத தீர்ப்பு. ஆனால் பார்வையாளர் மேடைகளில் இரு அணியினரின் ஆதரவாளர்களும் பிரிக்கப்படாமல் கலந்து அமர்ந்திருந்தனர். களத்தில் தணிந்த சண்டை மேடையில் மூண்டது. கல்லெறியும் நெரிசலும் முடிந்தபோது பதினாறு இரசிகர்கள் இறந்து கிடந்தனர். அவர்களின் நினைவாக அந்நாளைக் கால்பந்து அன்பர்கள் நாளாகக் கொல்கத்தா இன்றும் போற்றுகிறது. குருதிக்கொடை முகாம்கள் நடைபெறுகின்றன.

அந்தப் பதினாறு பேரின் சாவுக்கு இரண்டு வீரர்களையோ நடுவரையோ பொறுப்பாக்குவது முறையன்று. இருக்கைகளைப் பிரிக்காதவர், நெரிசலுக்கு வழிவிட்டவர் எனப் பொறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. எனினும் அந்நாள் ஒன்றை உணர்த்துகிறது. தீர்ப்பு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அதற்கான காரணம் ஏற்கத்தக்கது என்று கூட்டமும் நம்ப வேண்டும்.

அக்காரணங்கள் எழுதப்படாமல் இல்லை. கால்பந்தின் பன்னிரண்டாம் விதி அவற்றை வரிசைப்படுத்துகிறது. எதிராளிக்கு ஊறு விளையும்படி கடுமையாக மோதுதல். பந்துக்குத் தொடர்பின்றித் தாக்குதல். கடித்தல் அல்லது எச்சில் உமிழ்தல். இழிவான சொல்லோ செய்கையோ. கையால் பந்தைத் தடுத்துக் கோலைப் பறித்தல். கோலடிக்கத் தெளிவாக அமைந்த வாய்ப்பைத் தவறிழைத்துக் கெடுத்தல். ஒரே ஆட்டத்தில் இரண்டாம் முறை எச்சரிக்கை பெறுதல். காணொளி நடுவர் அறைக்குள் நுழைவதும் இப்போது இப்பட்டியலில் சேர்ந்துள்ளது. வெளியேற்றப்பட்டவர் களத்தின் சுற்றுப்புறத்திலேயே நிற்கக் கூடாது. அவருக்கு மாற்றாக ஒருவரை இறக்கவும் முடியாது. அணி பத்துப் பேரோடு ஆட வேண்டும். ஓர் அணியில் எழுவருக்கும் குறைந்தால் ஆட்டமே இல்லை.

இவ்விதி கல்லில் எழுதியதுபோல் நிலைத்து நின்றதும் அன்று. பெனால்டி எல்லைக்குள் கோல் வாய்ப்பைக் கெடுத்தவருக்கு முன்பு பெனால்டி, சிவப்பு அட்டை, அடுத்த ஆட்டத் தடை என மூன்று தண்டனைகள் ஒருங்கே விழுந்தன. அது மிகை என்று உணர்ந்து, பந்தை ஆட முயன்று தவறியவருக்கு மஞ்சள் அட்டை போதும் என 2016இல் திருத்தினர். 2019 முதல் பயிற்சியாளர்களும் அட்டைக்கு உட்பட்டனர். 2023 சூனில் பெங்களூருவில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடியபோது, எதிரணியினர் எல்லையிலிருந்து எறிய இருந்த பந்தைத் தட்டிப் பறித்த இந்தியப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் சிவப்பு அட்டை பெற்றது பலருக்கும் நினைவிருக்கும்.

'கல்லில் எழுதியதுபோல்' என்றோம். உண்மையிலேயே கல்லில் எழுதிய வெளியேற்ற விதிகள் நமக்கு அண்மையிலேயே உள்ளன. காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்டுள்ளன. குடவோலை முறையைப் பாடநூல்கள் புகழ்ந்து பேசும். ஆனால் அக்கல்வெட்டுகளில் நாம் மீண்டும் மீண்டும் படிக்க வேண்டிய பகுதி யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைக் காட்டிலும், யாரை விலக்க வேண்டும் என்ற பட்டியலே. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர். பிறர் பொருளைக் கவர்ந்தவர் தகுதியற்றவர். கழுதைமேல் ஏற்றப்பட்டவரும் பொய்க் கையெழுத்து இட்டவரும் அவ்வாறே. வாரியத்தில் இருக்கும்போதே குற்றம் காணப்பட்டால் உடனே நீக்கப்படுவார். கணக்குக் காட்டாதவரின் உறவினரும் ஒவ்வொரு முறையாகப் பெயர் சுட்டி விலக்கப்படுகின்றனர். ஒருவன் பிழைக்கு அணி முழுவதும் பத்துப் பேராகக் குறைவதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இவ்விதிகளும் திருத்தப்பட்டவையே. முதற் கல்வெட்டு முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்று வயதெல்லை வகுத்தது. இரண்டே ஆண்டுகளில் அடுத்த கல்வெட்டு அதனை முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாற்றியது. இச்சபையை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாக்கிப் பேசுவதும் பிழையாகும். நிலமும் வேதக்கல்வியும் உடைய அந்தணர்க்கு மட்டுமே இடமளித்த பிரமதேயச் சபை அது. பெண்டிரும் நிலமற்றோரும் வெளியேற்றப்படவில்லை; அவர்கள் களத்துக்குள் விடப்படவே இல்லை.

அந்த எல்லையை மறவாமல், கல்வெட்டு கூறும் ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். சபை முழுவதும் கூடியிருக்கிறது. ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுக்கிறான். அதனைப் பெறுபவர் மத்தியஸ்தர். நம் மொழியில் நடுவர். அவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அவ்வோலையை வாங்க வேண்டும். மூடிய கையில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்ற ஏற்பாடு அது. பின்பு அவர் அதிலுள்ள பெயரை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதனை வாங்கி வாசிக்க வேண்டும். அதன் பின்னரே அப்பெயர் எழுதப்படும். முதலில் கண்ணுக்குக் காட்டுதல். அடுத்துச் செவிக்குச் சொல்லுதல். அச்சபையார் இரண்டும் வேண்டும் என்று கருதினர்.

கால்பந்து முதற்படியை 1970இல் எட்டியது. இரண்டாம் படிக்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 2023இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த மகளிர் உலகக்கோப்பையில், காணொளியைப் பார்த்து முடிவெடுத்த நடுவர் ஒலிபெருக்கியில் தம் முடிவையும் அதன் காரணத்தையும் அரங்கம் கேட்க அறிவித்தார். சொல் போதாது என்று நிறத்துக்குச் சென்ற ஆட்டம், நிறமும் போதாது என்று சொல்லுக்குத் திரும்பியிருக்கிறது.

இதனை எழுதும்போது நம் பணிவாழ்வின் நிகழ்ச்சி ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் ஒரு மாணவரை வகுப்பைவிட்டு வெளியே போகச் சொன்னோம். பருவத் தேர்வு முடிந்து விடைபெற வந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, அன்னைக்கு என்னை எதுக்கு வெளியே அனுப்பினீங்க?" அன்று என்ன நடந்தது என்று எவ்வளவு முயன்றும் நமக்கு நினைவுக்கு வரவில்லை. அவரோ நாள், நேரம், நடத்திக்கொண்டிருந்த பாடம் வரை நினைவில் வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே போனார். ஆயினும் அவர் கேட்ட வினாவுக்கு விடை கிடைக்கவில்லை.

யாதவப்பிரகாசர் முதுமையில் தாம் வெளியேற்றிய மாணவரையே ஆசானாக ஏற்றுக் கோவிந்த ஜீயர் என்ற பெயர் பெற்றார் என்று மரபு கூறும். அவ்வளவு பெரிய முடிவுகள் எல்லா வெளியேற்றங்களுக்கும் வாய்ப்பதில்லை. ஏரிக்கரைச் சிறுவனின் ஆட்டம் முடிந்ததும் என்ன நடந்தது என்பதைச் சொல்லி முடிக்கிறோம். நடுவராக இருந்த இளைஞர் கரைக்கு வந்து அவனருகே அமர்ந்தார். இரண்டு கைகளையும் காலாக்கித் தரையில் வைத்து, எந்தக் கால் எந்தப் பக்கம் வந்தது, அது எதிராளியின் கணுக்காலை எப்படி முறித்திருக்கக்கூடும் என்று காட்டினார். சிறுவன் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். பிறகு அந்தச் சிவப்பு அட்டையை வாங்கிப் பின்பக்கத்தில் அச்சாகியிருந்த மணமக்கள் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினான்.